வானத்துக்கு ஒரு டைம் ஷீட்

சத்தியமாகச் சொல்கிறேன் தம்பி. அதோ தெரிகிற ஆழியார் அணைத் தண்ணீர் மேல் சத்தியம். இந்தப் பஸ்ஸின் நாலு சக்கரத்தின் மேல் சத்தியம், பின்னால் இரட்டைச் சக்கரம் என்பதால் ஆறு, ஆறின் மேலும் சத்தியம். நான் சொல்லப்போவதில் ஒரு வார்த்தை பொய் இருந்தாலும் அடுத்த கொண்டை ஊசி வளைவில் இந்த வண்டிக்குப் பிரேக் பிடிக்காமல் போகட்டும்.

முன் சீட்டு அம்மா திரும்பி முறைக்கிறார்கள். சரிங்க அம்மா, அதை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மற்ற சத்தியமெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

எதற்குத் தம்பி சின்னக்கரடு எஸ்டேட்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்டேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? அங்கே இணையம் தினமும் காலை பத்தரைக்கு ஏழு நிமிஷம், மத்தியானம் மூன்றரைக்கு ஏழு நிமிஷம் நின்றுபோகிறது, எங்கே கோளாறு என்று பார்த்துச் சரிசெய்யப் போகிறேன் என்றீர்கள். அதைக் கேட்ட பிறகுதான் ஜன்னலோரத்தை உங்களுக்கு விட்டுக்கொடுத்தேன். அதுவரைக்கும் அப்படி ஒரு எண்ணமே எனக்கு இல்லை.

அந்தப் பதினான்கு நிமிஷத்தைக் கோளாறு என்று சொல்லாதீர்கள். அது என் கையெழுத்து.

என் பேர் ஆறுச்சாமி. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் இருபத்தொன்பது வருஷம் டைம் கீப்பர். டைம் கீப்பர் என்றால் உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியாது. கையில் ஒரு நோட்டு, வாயில் ஒரு விசில். நான் ஊதினால் வண்டி கிளம்பும், ஊதாவிட்டால் கிளம்பாது. மந்திரி கார் ஒருமுறை ஸ்டாண்டுக்குள் தெரியாமல் வந்துவிட்டது. அதுவும் நான் ஊதின பிறகுதான் போனது.

ரிடையர் ஆன பிறகு வீட்டில் உட்கார்ந்தேன். பத்து நாள். பதினோராம் நாள், குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும் முன்னால் நான் ஊதிவிட்டேன் என்று என் சம்சாரம் வெளியே அனுப்பிவிட்டாள். அப்போதுதான் கிணத்துக்கடவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஷெட்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. முதலாளி ஜெகநாதன். அவர் அப்பா காலத்தில் அங்கே மாவரைக்கிற கிரைண்டர் செய்துகொண்டிருந்தார்கள். மகன் படித்தவர். இனி யாரும் மாவு அரைக்கப் போவதில்லை, எல்லோரும் இணையத்தில்தான் இருக்கப் போகிறார்கள் என்று, கிரைண்டரை நிறுத்திவிட்டுச் செயற்கைக்கோள் செய்ய ஆரம்பித்துவிட்டார்.

ஒன்று இரண்டு இல்லை தம்பி, தொண்ணூற்றாறு. கல்யாண வீட்டு இட்லிக் கொப்பரை அளவுதான் ஒவ்வொன்றும். வரிசைக்குப் பதினாறு, ஆறு வரிசை. பூமியைச் சுற்றிச் சுற்றி வரும். கம்பி போக முடியாத மலைக்கும் காட்டுக்கும் மேலேயிருந்து இணையம் கொடுக்கும். ஆனால் ஒரு கோள் ஒரு ஊருக்கு மேலே நிற்காது, ஏழு நிமிஷம் தெரியும், போய்விடும். அது போவதற்குள் பின்னால் அடுத்தது வந்து வேலையைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காவிட்டால் கீழே எல்லாம் நின்றுபோகும். உங்களுக்குத் தெரியாததா. ஆனாலும் சொல்கிறேன், முன் சீட்டு அம்மாவும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் பதினாறு கோள் லாரியில் ஏறியபோது பழைய கிரைண்டர் அட்டைப்பெட்டியில்தான் ஏறியது. பெட்டிமேல் ‘இரண்டு லிட்டர்’ என்று அச்சடித்திருக்கும். லாரிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தது நான். ராக்கெட்டுக்கும் வைக்க வேண்டும் என்று கூடவே போய்க் கேட்டேன், விடவில்லை. அதனால்தான் ராக்கெட் கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து போனது. டிவியில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

போய்ச் சேர்ந்த பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. பதினாறையும் ஒரே இடத்தில் இறக்கிவிட்டுவிட்டார்கள். பதினாறும் ஒன்றன் பின்னால் ஒன்று ஒட்டிக்கொண்டே போகிறது. வந்தால் பதினாறும் சேர்ந்து வரும், போனால் பதினாறும் சேர்ந்து போய்விடும். பிறகு ஒன்றரை மணி நேரம் வானத்தில் ஆள் கிடையாது. இதைச் சரிசெய்கிற பொறுப்பு இசக்கியம்மாள் என்கிற பெண்ணிடம் இருந்தது. பெரிய படிப்பு, திருநெல்வேலிப் பக்கம். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு என் கேட்டுக்கு வந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, சாப்பிடாமல் மூடி வைத்துவிடும். முதலாளி கெடு வைத்திருந்தார். சின்னக்கரட்டில் ஒரு நாள் முழுக்க ஓட்டிக் காட்ட வேண்டும், அன்றைக்கு எஸ்டேட்காரர்கள் ஒப்பந்தம் போடாவிட்டால் ஷெட்டை மூடிவிட்டு மறுபடி கிரைண்டர்தான்.

ஒரு நாள் அது தன் தொல்லையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஏன் அண்ணாச்சி சிரிக்கிய?” என்றது.

“ஒண்ணுமில்லீங் அம்மிணி. பதினாறு வண்டியும் ஒண்ணா வந்து ஒண்ணாப் போறதும், பொறவு ஒன்றரை மணி நேரம் சனம் வெயில்ல நிக்கறதும், இதெல்லாம் நான் எண்பத்தி மூணுலயே பாத்தாச்சு.”

அந்தக் காலத்தில் பொள்ளாச்சி ஸ்டாண்ட் அப்படித்தான் இருந்தது தம்பி. கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே எல்லா பிரைவேட் வண்டியும் சேர்ந்து வரும், கண்டக்டர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள், அடுத்த ஒரு மணி நேரம் ஈ ஓட்டலாம். நான் வந்துதான் நாலு நிமிஷத்துக்கு ஒன்று என்று கோடு கிழித்தேன். முன்னால் போகிறவனை முடுக்கு, பின்னால் வருகிறவனைப் பிடித்து வை. அவ்வளவுதான் வித்தை.

இசக்கி கேட்டுவிட்டு, வானத்தில் வேகமாகப் போக வேண்டுமானால் கீழே இறங்க வேண்டும், மெதுவாகப் போக வேண்டுமானால் மேலே ஏற வேண்டும் என்று ஏதோ கணக்குச் சொன்னது. எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. வால்பாறை வண்டியும் அப்படித்தானே. இறங்கும்போது பறக்கிறான், ஏறும்போது பாருங்கள், இந்த டிரைவர் முக்கிக்கொண்டு வருகிறான்.

அன்றையிலிருந்து கோள்கள் பிரிய ஆரம்பித்தன. அவர்கள் கம்ப்யூட்டரில் என்னவோ செய்தார்கள், அது ஒரு பக்கம். அடுத்தடுத்து மீதி ஐந்து வரிசையும் மேலே போய்ச் சேர்ந்தது, அதையும் பிரித்தோம். ஆனால் உண்மையில் எதனால் பிரிந்தது தெரியுமா? நான் ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்தேன். நம்பர் போட்டுக் கூப்பிட்டால் எந்த வண்டிக்கும் ரோஷம் வராது. பாமா, செண்பகம், ராஜகுமாரி, பழநியாண்டவர், இப்படித் தொண்ணூற்றாறு பேர். எல்லாம் நம் லைனில் ஓடின பிரைவேட் வண்டிகளின் பேர். அதில் பாமா பின்தங்கிக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாத நேரம் பார்த்து உள்ளே போனேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான். மைக் மாதிரி ஒன்று இருந்தது, அதில் வாய் வைத்து ஒரு நீட்டு விசில் கொடுத்தேன். திங்கட்கிழமை பாமா சரியான இடத்தில் இருந்தது. இசக்கி சனிக்கிழமையே கட்டளை அனுப்பிவிட்டதாகச் சொன்னது. பெண்பிள்ளை, பேர் வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து டைம் ஷீட். எந்த நிமிஷத்தில் எந்தக் கோள் சின்னக்கரட்டைக் கையில் வாங்குவது, எப்போது அடுத்ததிடம் கொடுப்பது என்ற பட்டியல். கம்ப்யூட்டர் போட்ட பட்டியலில் ஒரே நேரத்துக்கு இரண்டு வண்டி வந்து மோதிக்கொள்ளும், இல்லாவிட்டால் ஒன்றுமே வராது. நான் நாலு சார்ட் பேப்பர் வாங்கி, சோற்றுப்பசையால் ஒட்டி, சிவப்பும் நீலமுமாகப் பென்சில் வைத்துக்கொண்டு கேட்டில் உட்கார்ந்தேன். ஒன்பது நாள். எது எப்போது மலைக்கு மேலே வரும் என்று இசக்கி சொல்லச் சொல்ல, நான் கோடு போட்டேன். கிளம்பும் நேரம், சேரும் நேரம், கைமாறும் நேரம். பொள்ளாச்சி ஸ்டாண்டுக்கு எப்படி எழுதுவேனோ அதே மாதிரி. முடித்துக் கொடுத்ததும் பையன்கள் அதைப் பார்த்து அப்படியே மிஷினில் ஏற்றினார்கள். ஒரு நிமிஷம் மாற்றவில்லை.

சோதனை நாளும் வந்தது. ஆன்டெனாவுக்குக் காவல் என்று நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். இன்னொரு காரணமும் உண்டு, என் சம்சாரத்தின் தங்கச்சி பாக்கியம் அந்த எஸ்டேட்டில்தான் இலை பறிக்கிறாள். இதோ இந்தப் பையில் இருக்கிற முறுக்கும் அவளுக்குத்தான். வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கொண்டுபோகிறேன், நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டாம்.

எஸ்டேட்காரர்களுக்கு எதற்கு இணையம்? சூப்பர்வைசர் கையில் ஒரு போன் கொடுத்துவிட்டார்கள். எந்தப் பெண் எந்த வரிசையில் நிற்கிறாள், எத்தனை கிலோ பறித்தாள், எத்தனை நிமிஷம் கை ஓயவில்லை, எல்லாம் அந்தப் போனில் தெரியும், அது உடனுக்குடன் ஆபீசுக்குப் போகும். அதற்கு விடாமல் இணையம் வேண்டும். முன்பெல்லாம் பத்தரைக்கும் மூன்றரைக்கும் எஸ்டேட்டில் சங்கு ஊதும், பெண்கள் கூடையை இறக்கிவைத்து டீ குடிப்பார்கள். அந்த வாரத்திலிருந்து சங்கை நிறுத்திவிட்டார்கள். இனி யாருக்கு வேண்டுமோ அவர்கள் வேண்டும்போது குடித்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒருத்தி உட்கார்ந்தால் அவள் பேர் போனில் சிவப்பாகும். மாதக் கடைசியில் சிவப்பு அதிகமானவளுக்கு மறுமாதம் வேலை கிடையாது. எவள் உட்காருவாள்?

காலை ஆறிலிருந்து எல்லாம் பிரமாதமாக ஓடியது. செண்பகம் போகும், ராஜகுமாரி வரும், ஒரு நொடி தட்டவில்லை. எஸ்டேட் முதலாளிமார் நாலு பேர் பங்களா வராந்தாவில் பெரிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரை முழுக்கப் பச்சைப் புள்ளி, ஒவ்வொரு புள்ளியும் ஒரு பெண். எங்கள் ஜெகநாதன் முகத்தில் கல்யாணக் களை.

பத்தரை. எல்லாப் புள்ளியும் நின்றுவிட்டது.

பாமா வரவில்லை. பழநியாண்டவர் வரவில்லை. வானத்தில் ஒருவரும் இல்லை. ஜெகநாதன் முகம் அரைத்து வழித்த மாவு மாதிரி வெளுத்துவிட்டது. இசக்கி மிஷினைத் தட்டுகிறது, கம்பியை ஆட்டுகிறது, என்னைப் பார்க்கிறது. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

ஏன் தம்பி அப்படிப் பார்க்கிறீர்கள்? பத்தரைக்கு நான் டீ குடிப்பேன். இருபத்தொன்பது வருஷமாகப் பத்தரையிலிருந்து பத்து முப்பத்தேழு வரைக்கும், மூன்றரையிலிருந்து மூன்று முப்பத்தேழு வரைக்கும் பொள்ளாச்சி ஸ்டாண்டில் ஒரு வண்டி கிளம்பியது கிடையாது. வாயில் கிளாஸை வைத்துக்கொண்டு எப்படி விசில் ஊதுவது? அதனால் என் ஷீட்டில் அந்த ஏழு நிமிஷத்துக்குக் கோடு போடுவது கிடையாது. அது கை தானாகச் செய்கிற வேலை. வானத்துக்கு எழுதும்போது மட்டும் கை எப்படி மாறும்? மிஷின் பாவம், எழுதியிருந்த நேரம் ஓடியது, எழுதாத நேரம் அணைந்துவிட்டது.

இதை மறதி என்று சிலர் சொல்லக்கூடும். நான் சொல்ல மாட்டேன். தொண்ணூற்றாறு வண்டியும் ராப்பகலாக ஓடுகிறது, இன்ஜின் ஆற வேண்டாமா? எனக்கு அதெல்லாம் முன்பே தோன்றித்தான் விட்டிருப்பேன். தோன்றியது எனக்கு ஞாபகம் இல்லை, அவ்வளவுதான்.

எஸ்டேட் பெரியவர் ஒருவர் எழுந்து, என்ன ஆயிற்று என்று கேட்டார். இசக்கியை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும் தம்பி. கண் சிமிட்டவில்லை.

“ஒண்ணும் ஆகல சார். இது ஓய்வு நேரம். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏழு நிமிஷம் பேட்டரி ஆறணும். அப்பத்தான் அஞ்சு வருஷம் உழைக்கிறது ஏழு வருஷம் உழைக்கும்.”

பெரியவர் யோசித்தார். இரண்டு வருஷம் சும்மா கிடைக்கிறது. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். பத்து முப்பத்தேழுக்குப் பாமா டாண் என்று வந்து நின்றது. சாயங்காலம் ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிவிட்டது, ஷெட் பிழைத்தது.

ஆனால் இசக்கி விடவில்லை. என் சார்ட் பேப்பரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தது.

“அண்ணாச்சி, பத்தரைக்கும் மூணரைக்கும் கோடே இல்லியே?”

“பத்தரைக்கு நான் டீ குடிப்பேனுங்களே அம்மிணி.”

கோடில்லாத இடத்தை இன்னொரு தரம் விரித்துப் பார்த்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தது. சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் தேயிலைச் செடி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கே இதைச் சரிசெய்துவிடுகிறேன், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று எழுந்தது.

அப்போதுதான் இலை எடை போட்டுவிட்டுப் பாக்கியம் அந்த வழியாக வந்தாள். வந்தவள் என் கையைத்தான் முதலில் பார்த்தாள். “என்னுங் மாமா, வெறுங்கையோட வந்திருக்கீங்க, எங்கக்கா முறுக்கு சுடறதையே மறந்துட்டாளா?” என்று என்னை ஒரு வாங்கு வாங்கிவிட்டு, இசக்கி பக்கம் திரும்பினாள். இசக்கியின் இன்னொரு கையில் மிஷின் இருப்பதைப் பார்த்து இதைச் சொன்னாள்:

“அம்மிணி, இந்த மிஷினு நல்ல மிஷினுங்க. சூப்பர்வைசரு போனு செத்துப்போச்சுன்னு கையில வெச்சு ஆட்டிட்டிருந்தாரு. நாங்க நாப்பது பேரும் உக்காந்துட்டோம். சங்கு நின்ன பொறவு, இன்னிக்குத்தானுங்க உக்காந்து டீ குடிச்சோம்.”

இசக்கி சார்ட் பேப்பரை மறுபடி சுருட்டியது. சுருட்டிக்கொண்டே இருந்தது, குச்சி மாதிரி ஆகும் வரைக்கும். ஜீப்பில் திரும்பி வரும்போது நாற்பது வளைவும் இறங்கி முடிகிற வரைக்கும் அந்தக் குச்சி அதன் மடியிலேயே இருந்தது. கீழே வந்த பிறகு, “அந்தக் கோட்டைப் போட வேண்டாம் அண்ணாச்சி” என்றது.

அது மூன்று வருஷத்துக்கு முந்தைய கதை. பிறகு கம்பெனி கைமாறிவிட்டது. இசக்கி ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. தீபாவளிக்கு போன் பண்ணி, பாமா எப்படி இருக்கிறது என்று கேட்கும். வயசான வண்டி, நல்ல இருமல் என்று சொல்வேன். போவதற்கு முன்னால் அது ஒரு காரியம் செய்துவிட்டுப் போனது. மிஷினுக்குள்ளே அந்த ஏழு நிமிஷத்துக்குப் பக்கத்தில், ‘இதைத் தொட்டால் மற்றதெல்லாம் நின்றுவிடும்’ என்று எழுதி வைத்துவிட்டது. அப்படி எழுதியிருந்தால் படித்தவர்கள் யாரும் தொட மாட்டார்கள் என்று சொன்னது. உங்களுக்கு முன்னால் நாலு பேர் வந்தார்கள். நாலு பேரும் இந்த வண்டியில்தான் வந்தார்கள், நாலு பேரும் அதைப் படித்துவிட்டு, ஆன்டெனாவைத் துடைத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்கள்.

எப்படி எல்லோருக்கும் பக்கத்துச் சீட்டு எனக்கே கிடைக்கிறது என்றா கேட்கிறீர்கள்? பொள்ளாச்சி ஸ்டாண்டில் இப்போதும் நான் கேட்டால், சின்னக்கரட்டுக்கு யார் டிக்கெட் எடுத்தார்கள் என்று சொல்லிவிடுவார்கள் தம்பி. அதோடு, கழுத்தில் தொங்குகிற அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டால் மறைந்துவிட்டது என்று உங்கள் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் நினைக்கிறீர்கள். கயிறு வெளியேதான் தெரிகிறது.

அட்டகட்டி வந்துவிட்டது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டுகிறான். இறங்குங்கள், இங்கே டீ நன்றாக இருக்கும். மணி என்ன? பத்தரையா? சரியாகத்தான் கொண்டுவந்திருக்கிறான், நான் பழக்கின பையன். இரண்டு டீ போடப்பா, ஒன்று சர்க்கரை கம்மி. இதோ, அந்த எதிர் மலையில் கீழ்ச் சரிவைப் பாருங்கள். கலர் கலராகத் தெரிகிறதல்லவா, சின்னக்கரடுதான். அசைகிறதா? அசையவில்லை. உட்கார்ந்திருக்கிறார்கள். பச்சைச் சேலை பாக்கியமாக இருக்கும். இங்கிருந்து எனக்குத் தெரியும்.

நீங்கள் பேசாமல் குடியுங்கள். நான் ஒன்றும் உங்களைக் கேட்டுக்கொள்ளப் போவதில்லை. போங்கள், பாருங்கள், உங்கள் வேலை. ஆனால் கம்பெனியில் கேட்டால், இதையெல்லாம் சொன்னது ஆறுச்சாமி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னாலும் என்னவென்று சொல்வீர்கள்? பாமா என்கிற செயற்கைக்கோள் விசிலுக்குக் கிளம்புகிறது, பத்தரைக்கு டீ குடிக்கப் போகிறது என்றா? உங்களைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். அதற்காகத்தான் நடுவில் அங்கங்கே கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். எதெது என்று கேட்காதீர்கள், சத்தியம் பண்ணியிருக்கிறேன்.

பத்து முப்பத்தேழு. கிளாஸை வையுங்கள், வண்டி கிளம்பப் போகிறது. பக்கத்தில் யார் உட்கார்ந்து வந்தார்கள் என்று எவனாவது கேட்டால், அந்தச் சீட்டு காலியாக இருந்தது என்று சொல்லிவிடுங்கள்.